வீட்டுக்காரரின் கழுத்து எம்ஆர்ஐ ரிப்போர்ட்: ஸ்பைன் டாக்டரைப் பார்க்கும்வரை இதை எப்படிப் புரிந்துகொள்வது?

நொய்யல்கரை | திருப்பூர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. என் வீட்டுக்காரருக்கு வயசு 44. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். ரெண்டு மாசமா வலது தோள்பட்டைக்குப் பின்னால் ஆரம்பிச்சு, கை வழியா கட்டைவிரல் வரைக்கும் வலி இறங்குது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்த மாதிரியே இருக்கு. ராத்திரி அந்தக் கையைத் தலைமேல் தூக்கி வெச்சுப் படுத்தால்தான் கொஞ்சம் கண் அசருறார்.

பக்கத்து கிளினிக் டாக்டர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு நியூரோ சர்ஜனைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். கோயம்புத்தூரில் அப்பாயின்ட்மென்ட் கிடைச்சிருக்கு, ஆனா இன்னும் மூணு வாரம் இருக்குங்க. ஸ்கேன் சென்டரில் கவரைக் கொடுத்தவர் "நரம்பு நசுங்கியிருக்கு, பார்த்து இருந்துக்கங்க"ன்னு சொல்லிட்டார். அன்னையிலிருந்து இவருக்குச் சோறு இறங்கலை. கை கால் விழுந்துருமோன்னு அதே நெனப்பு.

ரிப்போர்ட்டில் இருக்கிற முக்கியமான வரிகளைத் தமிழ் எழுத்தில் போடுறேன்:

– லாஸ் ஆஃப் சர்வைக்கல் லார்டோசிஸ்
– மல்டி லெவல் டிஸ்க் டெசிகேஷன்
– சி5-சி6: டிஃப்யூஸ் டிஸ்க் பல்ஜ், ரைட் பாராசென்ட்ரல் புரோட்ரூஷன், தீக்கல் சாக் இன்டென்டேஷன், ரைட் நியூரல் ஃபொராமினல் நேரோயிங், எக்ஸிட்டிங் நர்வ் ரூட் இம்பிஞ்ச்மென்ட்
– சி6-சி7: மைல்ட் டிஸ்க் பல்ஜ்
– கார்டு: நார்மல் இன் சிக்னல்
– மேரோ சிக்னல் நார்மல்
– கேனல் அளவு அட்டவணையில் மற்ற இடமெல்லாம் 12, 13 மி.மீ.; சி5-சி6 மட்டும் 9.8 மி.மீ.
– ஹோல் ஸ்பைன் ஸ்கிரீனிங்: எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்

இதில் எதுக்குப் பயப்படணும், எதுக்குப் பயப்பட வேண்டாம்? மூணு வாரம் காத்திருக்கலாமா?

*

இயன்முறை_பேரூர் | கோவை

அக்கா, நான் பிசியோதெரபிஸ்ட். ரிப்போர்ட்டுக்கு அப்புறம் வருவோம். முதலில் அவரைப் பற்றிச் சில கேள்விகள். இவற்றுக்கான பதில்தான் "மூணு வாரம் காத்திருக்கலாமா" என்பதைத் தீர்மானிக்கும்.

சட்டைப் பித்தானைப் போடக் கை தடுமாறுதா? கையெழுத்து மாறியிருக்கா? நடக்கும்போது தள்ளாட்டமோ, கால் கனத்த மாதிரியோ, செருப்பு கழன்று போவது தெரியாமலோ இருக்கா? தலையைக் குனிந்தால் முதுகுத்தண்டு வழியே கரண்ட் அடிச்ச மாதிரி இறங்குதா? சிறுநீரை அடக்க முடியாமலோ, வராமலோ இருக்கா? காய்ச்சல், எடை குறைதல், எப்படிப் படுத்தாலும் விடாத ராத்திரி வலி உண்டா? சுகர் இருக்கா?

இன்னொன்று. இரண்டு கையையும் நீட்டி, விரல்களை முழுசாக மடக்கி முழுசாக விரிக்கச் சொல்லுங்க, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு. 10 விநாடியில் எத்தனை தடவை வருதுன்னு ஒவ்வொரு கைக்கும் எண்ணுங்க. சாதாரணமா 20 அல்லது அதற்கு மேல் வரும். தண்டுவடம் அழுந்தியிருந்தால் இந்த வேகம் குறையும். விரல்கள் முழுசா விரியாது. இது ஒன்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனாலும் பார்த்து எழுதி வையுங்க.

கையைத் தலைமேல் வைத்தால் வலி குறையுதுன்னு சொன்னீங்களே, அது நல்ல தகவல். கழுத்தில் நரம்பு வேர் (தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்புற இடம்) உரசும்போது பலருக்கு அப்படித்தான் இருக்கும். டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க.

*

நொய்யல்கரை

ரொம்ப நன்றிங்க. கேட்டதை எல்லாம் பார்த்துட்டேன். பித்தான் போடுறார், நடை சரியாத்தான் இருக்கு. கரண்ட் அடிக்கிற மாதிரி இல்லை. ஒண்ணுக்கு போறதில் பிரச்சினை இல்லை. காய்ச்சல் இல்லை. சுகர் மூணு வருசமா இருக்கு, மாத்திரை சாப்பிடுறார். விரல் மடக்கி விரிக்கிறது வலது கை 22, இடது கை 24. ஊசியில் நூல் கோக்குறது மட்டும் கஷ்டம்ங்கிறார், கட்டைவிரல் மரத்திருக்கிறதால நூல் பிடிபடலையாம்.

*

கருப்புவெள்ளை | மதுரை

ரேடியாலஜியில் இருக்கிறேன், தினமும் இந்தப் படங்களைப் பார்த்து எழுதுவதுதான் வேலை. உங்கள் வீட்டுக்காரரின் படத்தை நான் பார்க்கவில்லை, அவரைப் பரிசோதிக்கவும் இல்லை. ஆகவே அவருக்கு என்ன சிகிச்சை என்று சொல்ல மாட்டேன். அந்த வரிகள் எதைக் குறிக்கின்றன என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் ஒரு விஷயம். அந்த ரிப்போர்ட்டை எழுதியவருக்கு உங்கள் கணவரின் கட்டைவிரல் மரத்திருப்பது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. எங்களுக்கு வரும் சீட்டில் பெரும்பாலும் "கழுத்து வலி" என்று மட்டும்தான் இருக்கும். அதனால் கண்ணில் பட்டதை எல்லாம் வரிசையாக எழுதி, கடைசியில் "கிளினிக்கல் கோரிலேஷன் சஜெஸ்டட்" என்று போடுகிறோம். ஆளைப் பரிசோதித்து, இதில் எது பொருந்துகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டருக்குச் சொல்லும் வரி அது. ரிப்போர்ட்டின் நீளத்துக்கும் நோயின் கடுமைக்கும் சம்பந்தம் இல்லை.

லார்டோசிஸ் என்பது கழுத்தின் இயல்பான முன்வளைவு. அது குறைந்திருப்பது தசை இறுக்கத்தாலும் வரும், ஸ்கேன் மேசையில் தலை வைத்துப் படுத்த விதத்தாலும் வரும். வலியே இல்லாதவர்களிடமும் பார்க்கிறோம். இதை விட்டுவிடலாம்.

டெசிகேஷன் என்றால் டிஸ்க்கில், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் தட்டில், நீர்ச்சத்து குறைந்திருக்கிறது. டி2 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் நீர் வெள்ளையாகத் தெரியும், வற்றிய டிஸ்க் கறுப்பாகத் தெரியும். 44 வயதில் இது மிகச் சாதாரணம்.

பல்ஜ், அதாவது டிஸ்க்கின் ஓரம் சற்று வெளியே பிதுங்குவது, என்ற வார்த்தைக்கு வருகிறேன். 2015இல் ஜப்பானில் கழுத்துத் தொந்தரவு எதுவும் இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வு வெளியானது. அதில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே பத்தில் ஏழு பேருக்கு மேல். அவர்கள் எல்லோரும் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள். அந்த சி6-சி7 மைல்ட் பல்ஜும், இடுப்பில் எல்4-எல்5 பல்ஜும் இந்தக் கணக்கில்தான் சேரும். கழுத்து ஸ்கேனோடு முழு முதுகுத்தண்டையும் மேலோட்டமாக ஒரு படம் எடுத்து எழுதுவது நம் ஊரில் பல சென்டர்களின் வழக்கம். இடுப்பு வலியே இல்லாதவர் அந்த வரியைப் படித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள், அது இப்போதைய பிரச்சினை இல்லை.

சி5-சி6தான் கவனிக்க வேண்டிய இடம். சி5, சி6 என்பவை கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகள். அவற்றுக்கு நடுவிலிருந்து வெளியேறுவது சி6 நரம்பு. அது முன்கையின் வெளிப்புறம் வழியாகக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் பக்கம் போகிறது. ரிப்போர்ட் "வலது பக்கம், சி5-சி6" என்கிறது: டிஸ்க் அங்கே பிதுங்கியிருக்கிறது (புரோட்ரூஷன்), நரம்பு வெளியேறும் துளை குறுகியிருக்கிறது (ஃபொராமினல் நேரோயிங்), அந்த நரம்பின் வேர் அழுந்துகிறது (நர்வ் ரூட் இம்பிஞ்ச்மென்ட்). அவருக்கு வலது கட்டைவிரல் மரத்திருக்கிறது. படமும் உடம்பும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. நடுவிரல் என்றால் சி7 பக்கம் யோசிப்போம், சுண்டுவிரல் என்றால் சி8. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

தீக்கல் சாக் என்பது தண்டுவடத்தைச் சுற்றி நீர் நிரம்பிய உறை. தண்ணீர்ப் பைக்குள் மிதக்கும் கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டென்டேஷன் என்றால் பையின் ஓரத்தில் டிஸ்க் ஒரு குழி போட்டிருக்கிறது. கயிற்றைத் தொட்டது என்று அதற்குப் பொருளில்லை.

கேனல் அளவான 9.8 மி.மீ. பற்றி. கேனல் என்பது தண்டுவடம் போகும் எலும்புக் குழாய். புத்தகங்களில் 13க்குக் கீழ் குறுகல் பக்கம், 10க்குக் கீழ் குறுகல் என்று சொல்வது எலும்புக் குழாயின் அளவை வைத்து. டிஸ்க் தள்ளிக்கொண்டிருக்கும் இடத்தில் எடுத்த அளவு அதைவிடக் குறைவாகத்தான் வரும். கோட்டை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தும் சில புள்ளிகள் மாறும். அது ஒதுக்கித் தள்ள வேண்டிய எண் இல்லை, சர்ஜன் படத்தில் அந்த இடத்தை நின்று பார்ப்பார். ஆனால் எண்ணை மட்டும் வைத்து யாருக்கும் ஆபரேஷன் செய்வதில்லை.

இந்த ரிப்போர்ட்டில் எனக்கு முக்கியமான வரி, நீங்கள் நடுவில் போட்ட "கார்டு: நார்மல் இன் சிக்னல்". தண்டுவடத்தின் நிறம் மாறவில்லை என்று பொருள். அடுத்து "மேரோ சிக்னல் நார்மல்": எலும்பு மஜ்ஜையில் கிருமித் தொற்றோ கட்டியோ போலத் தெரியவில்லை. முதுகெலும்பு டிபி இன்னும் இருக்கிற நம் நாட்டில் அது சும்மா எழுதும் வரி இல்லை. பயமுறுத்தும் பெயர்கள் எல்லாம் பெரிதாகத் தெரிவதால் இந்த இரண்டு வரிகளையும் யாரும் வீட்டில் வாசித்துக் காட்டுவதில்லை.

*

தேர்முட்டி | திருவாரூர்

எங்க ஊர்ல சலூன் வெச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர் கழுத்தை ரெண்டு பக்கமும் திருப்பி சொடக்கு எடுத்து விடுவார். எனக்குக் கழுத்துப் பிடிப்பு வந்தப்போ ஒரே நிமிஷத்துல சரியாச்சு. டாக்டர் தேதி வர்ற வரைக்கும் ஒருமுறை காட்டிப் பாருங்க அக்கா. செலவும் கிடையாது.

*

இயன்முறை_பேரூர்

தேர்முட்டி தம்பி, உதவணும்னுதான் சொல்றீங்க, புரியுது. ஆனா இவருக்கு இது வேண்டவே வேண்டாம். கழுத்து எலும்புகளின் துளை வழியே மூளைக்கு ரத்தம் போகும் தமனி ஓடுது. தலையைச் சடாரென்று திருப்பும்போது அதன் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கு. டிஸ்க் ஏற்கெனவே தள்ளியிருக்கும் கழுத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். உங்களுக்கு வந்தது தசைப் பிடிப்பு, இவருக்கு நரம்பு வேர் அழுத்தம்.

அக்கா, டிராக்‌ஷன் மெஷினையும் சர்ஜன் பார்க்கும் முன்னால் ஆரம்பிக்க வேண்டாம். "வாங்க, இழுத்து விட்டா சரியாயிடும்" என்று யார் கூப்பிட்டாலும் போகாதீங்க. எண்ணெய் போட்டு மேலோட்டமா நீவுறதுக்கும், வெந்நீர் ஒத்தடத்துக்கும் தடை இல்லை. மரத்துப்போன விரல்களில் மட்டும் ஒத்தடம் வேண்டாம். சுகர் இருப்பவர், சூடு தெரியாமல் புண்ணாகிடும்.

காலர், அதாவது கழுத்துப் பட்டை பற்றிக் கேட்பீங்க. நெதர்லாந்தில் 205 பேரை வைத்துச் செய்து 2009இல் வெளியான ஆய்வில், புதிதாக ஆரம்பித்த கைவலிக்கு மூணு முதல் ஆறு வாரம் காலர் போட்டு ஓய்வெடுத்தவர்களுக்கும் பிசியோதெரபி செய்தவர்களுக்கும், சும்மா இருந்தவர்களைவிட வலி சீக்கிரம் குறைஞ்சது. ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தால் மூணு கூட்டமும் ஒரே மாதிரிதான். ஆகவே காலர் போடலைன்னா கெட்டுப்போயிடும் என்பது இல்லை. மாசக்கணக்கில் போட்டால் கழுத்துத் தசை இளைச்சுப் போகும். போடணுமா, எவ்வளவு நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

*

பழைய_தபால்காரர் | தஞ்சாவூர்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டிய ஒன்றை நாமே வரிவரியாகப் பிரித்துப் படிப்பது நோயாளிக்கு நல்லதா? என் மகளுக்கு ரிப்போர்ட் வந்தபோது கவரைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தோம். இரவெல்லாம் இணையத்தில் தேடியிருந்தால் பயம்தான் மிஞ்சியிருக்கும். அரைகுறை அறிவு அவருடைய தூக்கத்தைக் கெடுக்கும் என்பது என் எண்ணம்.

*

கருப்புவெள்ளை

ஐயா, நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ரிப்போர்ட்டைப் படித்ததால் வலி கூடியவர்களை நானும் அறிவேன். ஆனால் இந்த வீட்டில் கவர் ஏற்கெனவே பிரிந்துவிட்டது. "நரம்பு நசுங்கியிருக்கு" என்ற வார்த்தையும் காதில் விழுந்துவிட்டது. இனி மூன்று வாரம் அந்த ஒரு வார்த்தையோடு அவரை விட்டுவைப்பதா, என்ன பொருள் என்று சொல்லிவிடுவதா என்பதுதான் கேள்வி.

இன்னொரு காரணமும் உண்டு. எல்லோரையும் பயப்படாதீர்கள் என்று சொல்லிக் காத்திருக்க வைக்க முடியாது. சிலர் காத்திருக்கவே கூடாது. அது யார் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

*

பனைநிழல் | ஸ்காபரோ, கனடா

வணக்கம் அக்கா. மேல சொன்ன கடைசி விஷயத்துக்கு என்ர மாமியின்ர கதை பொருந்தும், அதால எழுதுறன்.

இங்க குடும்ப வைத்தியர் ஸ்கானுக்கு எழுதி, பிறகு ஸ்பெஷலிஸ்டுக்கு ரெஃபர் பண்ணி, அவை கூப்பிடும் வரைக்கும் மாசக்கணக்கில காத்திருக்க வேண்டி வரும். மாமிக்குக் கழுத்து நோ பெரிசா இல்லை. அதுதான் எல்லாரையும் ஏமாத்தினது. தேத்தண்ணிக் கோப்பை கையால நழுவி விழும். இடியப்பம் பிழியக் கை ஏலாது. படி இறங்கேக்க சுவரைப் பிடிப்பா. வயசு போட்டுது, சுகரால வாற விறைப்பு எண்டு எல்லாரும் நினைச்சவை. ஸ்கான் ரிப்போர்ட்டில டிஸ்க் பற்றி ஒரு பக்கம், நடுவில ஒரு சின்ன வரி: தண்டுவடம் அழுந்தியிருக்கு, டி2 படத்தில அந்த இடம் வெள்ளையாத் தெரியுது எண்டு. குடும்ப வைத்தியர் அந்த வரியை வாசிச்ச உடனயே சர்ஜனுக்குத் தானே ஃபோன் எடுத்தார். கியூவில நிக்க விடேல்லை.

பின் பக்கத்தால ஒப்பரேஷன் செய்தவை. நடை திருந்தினது, விரல் விறைப்பு முழுக்கப் போகேல்லை. மேலும் மோசமாகாமல் நிப்பாட்டுறதுதான் முதல் நோக்கம் எண்டு சர்ஜன் முதலே சொன்னவர். உங்கட அவருக்கு அந்த வரி "நார்மல்" எண்டு வந்திருக்கிறது பெரிய ஆறுதல். ஆனா நடையும் கையும் மாறுதோ எண்டு பார்த்துக்கொண்டே இருங்கோ. நோ குறையிறதை மட்டும் வைச்சு நல்லாயிட்டுது எண்டு நினைக்காதேங்கோ.

*

இயன்முறை_பேரூர்

பனைநிழல் சொன்னதை எல்லாரும் இரண்டு தடவை படிங்க. வலி அதிகமா இருக்கிற நரம்பு வேர் பிரச்சினை பெரும்பாலும் தானே அடங்கும். வலியே இல்லாமல் கையும் காலும் தடுமாறுற தண்டுவடப் பிரச்சினைதான் அவசரம்.

அக்கா, இந்த மூணு வாரத்தில் இவை வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்குப் போங்க: மணிக்கட்டையோ முழங்கையையோ தூக்க முடியாமல் பலம் குறைஞ்சுகிட்டே போவது, நடையில் தள்ளாட்டம், இரண்டு கையிலும் தடுமாற்றம், சிறுநீர் மலம் கட்டுப்பாடு மாறுவது, கழுத்து வலியோடு காய்ச்சல், கீழே விழுந்து கழுத்தில் அடிபடுவது. பொதுவா இன்னொன்று: சுகர் உள்ளவருக்கு இடது கையிலோ நெஞ்சிலோ புது வலி, வியர்வை என்று வந்தால் கழுத்துதான்னு நினைக்காமல் முதலில் இசிஜி.

*

சி5சி6_ஓசூர்

எனக்கும் இதே சி5-சி6 வலது பக்கம்தான். எனக்கு மணிக்கட்டின் பலம் வாரத்துக்கு வாரம் குறைந்தது, ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை. அதனால் கழுத்தின் முன்பக்கம் சின்னதாக வெட்டி டிஸ்க்கை எடுத்து, இரண்டு எலும்பையும் சேர்த்து பிளேட் வைத்தார்கள். மறுநாளே நடந்தேன். சில வாரம் விழுங்கும்போது தொண்டை வலித்தது. இப்போது வேலைக்குப் போகிறேன். கை கால் விழுந்துவிடும் என்று பயந்துகொண்டிருக்கும் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். என்னோடு அதே வார்டில் அதே ரிப்போர்ட்டோடு வந்த ஒருவரை, பலம் நன்றாக இருக்கிறது என்று மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

*

கருப்புவெள்ளை

அந்த இரண்டாவது ஆள்தான் எண்ணிக்கையில் அதிகம். அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரை கழுத்து நரம்பு வேர் பிரச்சினை வந்த 561 பேரின் பதிவுகளைத் தொகுத்து 1994இல் வெளியிட்டார்கள். தலைமை ஆசிரியர் குருப்பத் ராதாகிருஷ்ணன், பின்னால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனத்தில் இயக்குநராக இருந்த நரம்பியல் மருத்துவர். அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள் 26 சதவீதம். கடைசியாகப் பார்த்தபோது 90 சதவீதம் பேர் தொந்தரவே இல்லாமலோ, லேசான தொந்தரவோடோ இருந்தார்கள். நடுவில் சிலருக்கு வலி திரும்பி வந்ததும் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம்.

கோயம்புத்தூர் போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. ஃபிலிமும் சிடியும் கட்டாயம் வேண்டும், சர்ஜன் தன் கண்ணால் பார்ப்பார். சிடி தரவில்லை என்றால் ஸ்கேன் சென்டரில் கேட்டு வாங்குங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், சமீபத்திய சுகர் டெஸ்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். பி12 குறைவும் கை கால் மரப்பைக் கொடுக்கும். சுகருக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிட்டால் பி12 குறைய வாய்ப்புண்டு, அதைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்தினாலும் இதே விரல்கள் மரக்கும், தையல் வேலைக்காரர்களிடம் அதுவும் காண்கிறோம். தேவைப்பட்டால் நரம்புக் கடத்தல் பரிசோதனை எழுதுவார்கள்.

*

நொய்யல்கரை

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுறேனுங்க. போயிட்டு வந்துட்டோம். நீங்க சொன்னபடி நோட்டில் எழுதிக்கொண்டு போனதால் டாக்டர் கேட்டதுக்கெல்லாம் பதில் இருந்தது. ரிப்போர்ட்டைப் புரட்டினதைவிட அவர் கையைத்தான் அதிக நேரம் பார்த்தார். சுத்தியலால் முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் தட்டினார். நடுவிரல் நகத்தைச் சுண்டிப் பார்த்தார். ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார். தண்டுவடத்தில் அழுத்தத்துக்கான அறிகுறி இல்லை, கையில் பலம் நல்லா இருக்கு, இப்போ ஆபரேஷன் தேவைப்படாதுன்னு சொல்லிட்டார். ராத்திரிக்கு நரம்பு வலி மருந்து ப்ரீகாபலின், பிசியோதெரபி, ஆறு வாரம் கழிச்சு மறுபடி வரணும். பி12 எடுத்ததில் குறைவுன்னு வந்திருக்கு, அதுக்கு ஊசி ஆரம்பிச்சாச்சு.

ஒரு மாசமாவது மெஷினில் உட்கார வேண்டாங்கிறார். பீஸ் ரேட்டில் இருக்கிறவருக்கு அது பெரிய அடி. கம்பெனியில் இஎஸ்ஐ பிடிக்கிறாங்க. அதில் ஏதாவது வருமா? திரும்பப் போகும்போது எப்படி உட்காரணும்?

*

இயன்முறை_பேரூர்

ரொம்ப சந்தோசம் அக்கா. ப்ரீகாபலின் ஆரம்பத்தில் தூக்கமும் தலைச்சுற்றலும் தரும், ஒத்துக்கொள்கிறதா என்று தெரியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம். நல்லாயிடுச்சுன்னு திடீர்னு நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்லித்தான் குறைக்கணும்.

இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் நோய்க்கால உதவித்தொகை உண்டு, சராசரிக் கூலியில் 70 சதவீதம், வருசத்துக்கு 91 நாள் வரை. அதற்குரிய ஆறு மாசக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்கணும். இஎஸ்ஐ டிஸ்பென்சரி டாக்டரின் சர்டிபிகேட் தேவை, தனியார் டாக்டரின் சீட்டையும் ஸ்கேனையும் காட்டி உடனே வாங்குங்க. தாமதித்தால் ஏற்கெனவே கழிந்த நாட்களுக்குத் தரமாட்டாங்க என்று பலர் சொல்லியிருக்காங்க.

உட்காரும் விதம்: ஓவர்லாக்கில் கழுத்து குனிஞ்சே இருப்பதுதான் தொல்லை. ஸ்டூலின் உயரத்தைக் குறைத்தோ, மேசைக் காலுக்கு அடியில் கட்டை வைத்தோ, துணி கண்ணுக்குக் கொஞ்சம் கிட்ட வர்ற மாதிரி செய்யச் சொல்லுங்க. தோள் மேலே தூக்கிக்கொள்ளாத அளவுக்குத்தான். ஊசிக்குப் பக்கத்தில் தனி லைட் இருந்தால் குனிவது தானாகக் குறையும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து பண்டலைத் தானே போய் எடுத்து வரட்டும், முழுப் பண்டலாக இல்லாமல் பாதியாக. முதல் வாரங்களில் ஒரு ஷிப்டோடு நிறுத்தணும், ஒன்றரை வேண்டாம். பிசியோவுக்கு முதல் நாள் போகும்போது அவர் மெஷினில் உட்கார்ந்திருக்கிற ஒரு போட்டோவை பக்கவாட்டில் எடுத்துக்கொண்டு போங்க. அதைப் பார்த்தே பாதி திருத்தம் சொல்லிடலாம்.